சேர்ந்து படிக்க ஒரு நாவல்: அத்தியாயம் முடிகிற இடத்தைப் பாருங்கள்

"பிள்ளையோட சேர்ந்து படிக்க ஒரு புத்தகம் சொல்லேன்" என்று கேட்கிறவர்கள் அடுத்துக் கேட்பது பெரும்பாலும் இரண்டு கேள்விதான். எந்த வயசுக்கு? என்ன நீதி? படக்கதைப் புத்தகம் என்றால் இந்த இரண்டும் போதும். பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும், பிடிக்காவிட்டால் நாளைக்கு வேறொன்று. அத்தியாயம் அத்தியாயமாகப் போகிற சிறார் நாவல் அப்படியில்லை. மூன்று வாரம், ஐந்து வாரம் வீட்டில் ஒரு விருந்தாளியைத் தங்க வைத்துக்கொள்வது மாதிரி அது.

நான் முதலில் பார்ப்பது அத்தியாயம் எங்கே, எப்படி முடிகிறது என்பதைத்தான். ராத்திரி விளக்கை அணைத்ததிலிருந்து மறுநாள் ராத்திரி புத்தகத்தைத் திறக்கும்வரை கிட்டத்தட்ட ஒரு நாள் இருக்கிறது. அந்த ஒரு நாளும் கதை குழந்தையிடம் இருக்கும், நம்மிடமும் இருக்கும். பல் தேய்க்கும்போது பேச்சில் வரும், பள்ளிக்கூட ஆட்டோவுக்குக் காத்து நிற்கும்போது வரும். தனியாகப் படிக்கிற பிள்ளை பொறுக்காமல் பக்கத்தைப் புரட்டிவிடும். சேர்ந்து படிக்கும்போது இரண்டு பேரும் காத்திருந்துதான் ஆகணும்.

இது நமக்கு ஒன்றும் புதுசு இல்லை. 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடராக வந்தபோது, வீட்டில் ஒருவர் படிக்க மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்ட கதையைப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அடுத்த இதழ் வரும்வரை வந்தியத்தேவன் கதி என்ன என்று வீடே பேசிக்கொண்டிருந்தது. சிறார் நாவலைச் சேர்ந்து படிப்பதும் அந்தப் பழக்கத்தின் சின்ன வடிவம்தான். இழக்கக்கூடாதது அந்த இடைவெளி.

இடைவெளியை மூன்று விதமாகக் கையாளும் மூன்று நாவல்களை எடுத்துக்கொள்கிறேன். மூன்றையும் என் அக்கா மகளோடு படித்திருக்கிறேன். ஆரம்பித்தபோது அவளுக்கு ஏழு வயசு.

பினோக்கியோ: இழுத்துப் பிடிக்கிற அத்தியாயம்

இத்தாலியின் கார்லோ கொலோடி இதை நாவலாக உட்கார்ந்து எழுதவில்லை. 1881-இல் ஒரு சிறுவர் வார இதழில் தொடராக ஆரம்பித்தார். 15-ஆம் அத்தியாயத்தில் கொலைகாரர்கள் மரப்பொம்மையைப் பெரிய ஓக் மரத்தில் தூக்கில் தொங்கவிடுகிறார்கள். அவ்வளவுதான், கதை முடிந்தது என்று நிறுத்திவிட்டார். படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் விடவில்லை. இதழாசிரியரும் வற்புறுத்த, 1882-இல் மறுபடி தொடங்கி 36 அத்தியாயம் வரை கொண்டுபோனார். 1883-இல் புத்தகமாக வந்தது.

இந்த வரலாறு தெரிந்து படித்தால் 15-க்கும் 16-க்கும் நடுவே உள்ள தையல் கண்ணுக்குத் தெரியும். 15 முடிகிறபோது உண்மையாகவே எல்லாம் முடிந்த மாதிரி இருக்கும். 16-இல் நீலக் கூந்தல் பெண் அவனை மரத்திலிருந்து இறக்க ஆள் அனுப்புகிறாள். காக்கையும் ஆந்தையும் வைத்தியர்களாக வந்து, செத்துட்டானா இருக்கானா என்று ஆளுக்கொரு பக்கம் தர்க்கம் பண்ணுகிறார்கள். "செத்துட்டான். ஒருவேளை சாகலைன்னா உயிரோட இருக்கான்னு அர்த்தம்" என்கிற ரகத்தில் போகிறது அந்த வைத்தியம். முந்தின ராத்திரி பயந்து போயிருந்த குழந்தை மறுநாள் விழுந்து விழுந்து சிரிக்கும். இரண்டையும் ஒரே மூச்சில் படித்திருந்தால் அந்தச் சிரிப்புக்கு இவ்வளவு பலம் இருக்காது.

கொலோடி ஒவ்வொரு அத்தியாயத் தலைப்பிலும் என்ன நடக்கப்போகிறது என்பதைச் சொல்லிவிடுகிறார். ராத்திரி மூடுவதற்கு முன்னால் நாளைய தலைப்பை மட்டும் படித்துக் காட்டுங்கள். மறுநாள் பூராவும் அது வேலை செய்யும்.

குறையும் இருக்கிறது. பின்பாதியில் உபதேசம் அதிகம். பையன் தப்புப் பண்ணுவான், அழுவான், சத்தியம் பண்ணுவான், மறுபடி அதே தப்பைப் பண்ணுவான். பெரியவர்களுக்கு அலுக்கும். பிள்ளைகளுக்கு அலுப்பதில்லை. "இவன் திருந்தவே மாட்டான் சித்தி" என்று அவள் சொன்னதில் பரம திருப்தி தெரிந்தது. டிஸ்னி படத்தை (1940) பார்த்த பிள்ளையிடம் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: இங்கே பேசும் சில்வண்டு பாட்டுப் பாடும் தோழன் இல்லை. நாலாவது அத்தியாயத்திலேயே பினோக்கியோ சுத்தியலை எறிந்து அதைக் கொன்றுவிடுகிறான்.

டோட்டோ சான்: தூங்கவிடுகிற அத்தியாயம்

தெட்சுகோ குரோயாநாகியின் 'டோட்டோ சான்: ஜன்னலில் ஒரு சிறுமி' 1981-இல் ஜப்பானில் புத்தகமாக வந்தது. நேஷனல் புக் டிரஸ்ட் வெளியீடாகத் தமிழில் கிடைக்கிறது. நம்மூரில் ஆசிரியர்களும் கல்வி பற்றி யோசிக்கிறவர்களும் கொண்டாடும் புத்தகம். அதனாலேயே ஒரு நஷ்டம்: 'கல்வி நூல்' என்று பெரியவர்களின் அலமாரிக்குப் போய்விட்டது. அதை இறக்கிக் கட்டிலுக்குக் கொண்டுவரணும்.

பல அத்தியாயங்கள் இரண்டு மூன்று பக்கம்தான். பழைய ரயில் பெட்டிகள் வகுப்பறையாக நிற்கும் தோமோயே பள்ளிக்கூடம், மதியச் சாப்பாட்டில் கடலிலிருந்து கொஞ்சம், மலையிலிருந்து கொஞ்சம் இருக்கணும் என்கிற தலைமையாசிரியர் கோபயாஷி, முதல் நாள் அந்தச் சின்னப் பெண் பேசப் பேச நாலு மணி நேரம் உட்கார்ந்து கேட்கிற அவருடைய பொறுமை. ஒவ்வொன்றும் தன்னளவில் முழுசு. அடுத்து என்ன என்ற பதைப்பு கிடையாது. நாள் பூராவும் அலைந்து களைத்த வீட்டுக்கு இதுதான் சரி. இரண்டு நாள் விட்டுப்போனாலும் கதை அறுந்துபோகாது.

ஆனால் அமைதியான புத்தகம் என்று நம்பி அசந்துவிடக் கூடாது. போலியோவால் கால் கை வளைந்த யாசுவாக்கி சானை டோட்டோ தன் மரத்தில் ஏற்றிவிடுகிற அத்தியாயம் இருக்கிறது. ஏணியைத் தள்ளி, இழுத்து, வேர்த்து விறுவிறுத்து ஒருவழியாக இரண்டு பேரும் கிளையில் உட்கார்கிறார்கள். அங்கே அவன் அமெரிக்காவில் தொலைக்காட்சி என்று ஒரு பெட்டி இருக்கிறதாம் என்கிறான். அதைக் கேட்டுக்கொண்டிருந்த சிறுமிதான் பின்னாளில் ஜப்பானியத் தொலைக்காட்சியின் மிகப் பிரபலமான முகங்களில் ஒருத்தி ஆனாள். பிற்பாடு அந்தப் பையன் இறந்துபோகிறான். எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், மற்ற அத்தியாயங்களைப் போலவே சின்னதாக ஒரு அத்தியாயம். அவன் இரவல் கொடுத்த புத்தகத்தைத் திருப்பித் தர முடியாது என்பது அவளுக்கு அப்போதுதான் உறைக்கிறது. இரவல் புத்தகம் என்றால் என்ன என்பது எந்தப் பிள்ளைக்கும் தெரியும். சாவை விளக்க அதற்கு மேல் நாம் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்காது.

ஷார்லட்டின் வலை: மெல்லத் தயார் பண்ணுகிற அத்தியாயம்

இ. பி. வைட் 1952-இல் எழுதிய இந்த அமெரிக்க நாவலில் 22 அத்தியாயங்கள். முதல் அத்தியாயத்திலேயே அப்பா கோடரியோடு போகிறார். நோஞ்சானாகப் பிறந்த பன்றிக்குட்டியைக் கொல்லத்தான் என்று தெரிந்ததும் ஃபெர்ன் என்கிற சிறுமி ஓடிப்போய்த் தடுக்கிறாள். சாவு முதல் பக்கத்திலேயே வீட்டுக்குள் வந்துவிடுகிறது. அதன்பிறகு வைட் அவசரப்படுவதே இல்லை. தொழுவம், வைக்கோல், மழை, எலி டெம்பிள்டனின் பேராசை என்று பருவங்கள் மாறுவதைச் சொல்லிக்கொண்டே போகிறார். கோடை முடிவதைச் சில்வண்டுகள் அறிவிக்கிற இடம் வந்ததும் கேட்கிற பிள்ளைக்கே ஏதோ புரிந்துவிடும்.

21-ஆம் அத்தியாயத்தின் கடைசியில் சிலந்தி ஷார்லட், எல்லோரும் போய்விட்ட பொருட்காட்சித் திடலில் தனியாகச் சாகிறாள். வைட் 1970-இல் இந்தப் புத்தகத்தைத் தன் குரலிலேயே பதிவு செய்தார். அந்த இடத்தைக் குரல் உடையாமல் படித்து முடிக்க அவருக்கு 17 முறை ஆயிற்று என்று தயாரிப்பாளர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். எழுதியவருக்கே அந்தக் கதி. உங்கள் குரல் கம்மினால் கம்மட்டும்.

கேள்வி என்னவென்றால், உடனே 22-க்குப் போவதா, நிறுத்துவதா? 22-இல் வசந்தம் வருகிறது, 514 முட்டைகள் பொரிகின்றன, ஆறுதல் கிடைக்கிறது. அழுகிற பிள்ளையைப் பார்த்தால் அந்த ராத்திரியே அதையும் படித்துவிடத் தோன்றும். நான் நிறுத்தச் சொல்வேன். மறுநாள் பள்ளிக்கூடம் இல்லாத ராத்திரியாகப் பார்த்துக்கொள்ளுங்கள். என் அக்கா மகள் காலையில் எழுந்ததும் கேட்டது, "அந்த முட்டைப் பை இப்ப எங்க இருக்கு?" அடுத்த அத்தியாயத்தின் வாசலை அவளே கண்டுபிடித்துவிட்டாள். நாம் அவசரமாக ஆறுதல் கொடுத்திருந்தால் அந்தக் கேள்வி அவளிடமிருந்து வந்திருக்காது.

இந்த நாவலில் பெரியவர்களுக்கென்று தனியாக ஒரு துக்கமும் இருக்கிறது. பன்றிக்குட்டிக்காக ஓடிவந்த அதே ஃபெர்ன், அவன் பரிசு வாங்குகிற நேரத்தில் அங்கே நிற்பதில்லை. ஒரு பையனோடு ராட்டினம் ஏறப் போய்விடுகிறாள். வைட் இதைப் பெரிசுபடுத்தாமல் சொல்லிவிட்டு நகர்கிறார். குழந்தை அந்த வரியைக் கவனிக்கக்கூட மாட்டாள். மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு படிக்கிறவருக்குச் சுருக்கென்று இருக்கும். ஒரே பக்கம் இரண்டு பேருக்கு இரண்டு கதை சொல்கிறது என்றால் அதுதான் சேர்ந்து படிக்க ஏற்ற புத்தகம்.

சுருக்கிய பதிப்புகள்

கடைகளில் உலக இலக்கியம் என்ற பெயரில் சுருக்கிய பதிப்புகள் நிறையக் கிடைக்கின்றன. இவற்றில் முதலில் அடிபடுவது அத்தியாயம்தான். 36 அத்தியாயம் எட்டாகிவிடும். காக்கை வைத்தியர் போய்விடுவார், சில்வண்டு சாகாது, தூக்கு ஒரு வரியில் கடந்துவிடும். கடைசிப் பக்கத்தில் நீதி மட்டும் தடித்த எழுத்தில் நிற்கும். கதைச்சுருக்கம் தெரியும், காத்திருந்த அனுபவம் இருக்காது. குழந்தைக்குத் தாங்காது என்று சொல்லிப் பெரியவர்கள் வெட்டுவது பல நேரம் தங்களுக்குத் தாங்காததைத்தான். முழுப் புத்தகம் பெரிசாக இருக்கிறதே என்றால் இன்னும் ஒரு வருஷம் கழித்து ஆரம்பியுங்கள். சுருக்கத்தை வாங்காதீர்கள்.

எந்தத் தமிழில் படிப்பது?

வாய்விட்டுப் படிக்கும்போது நமக்கென்று ஒரு சிக்கல் உண்டு. புத்தகத்தில் "வந்துகொண்டிருந்தாள்" என்று இருக்கும், நாக்கு "வந்துட்டிருந்தா" என்று சொல்லும். புரியணுமே என்று முழுக்கவும் பேச்சுக்கு மாற்றிவிடுகிறவர்கள் உண்டு. நான் செய்வது இது: பாத்திரங்கள் பேசுவதைப் பேச்சுத் தமிழில் சொல்வேன், கதை சொல்கிற வாக்கியங்களை எழுதியிருக்கிறபடியே படிப்பேன். முதல் சில நாள் அவள் நெளிந்தாள். பிறகு காது பழகிவிட்டது. இங்கிலீஷ் மீடியத்தில் படிக்கிற பிள்ளைக்கு எழுத்துத் தமிழ் என்றாலே பரீட்சைதான். பயமில்லாமல் அது காதில் விழ இந்த அரைமணி நேரத்தை விட்டால் வேறு இடம் எங்கே இருக்கிறது? "கண்ணயர்ந்தான்" என்ற சொல்லைக் கதையில் கேட்டவள், இரண்டு நாள் கழித்து மாடிப்படியில் படுத்திருந்த பூனையைக் காட்டி, "கண்ணயர்ந்துடுச்சு" என்றாள்.

'ஷார்லட்டின் வலை'யை நான் ஆங்கிலப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாயாலேயே தமிழாக்கினேன். வலையில் ஷார்லட் எழுதும் சொற்கள்தான் கஷ்டம். கடைசியாக அவள் எழுதும் சொல்லுக்கு இரண்டு அர்த்தம் என்று அவளே விளக்குகிறாள்: கர்வம் இல்லாதது, தரைக்குப் பக்கத்தில் இருப்பது. 'பணிவு' என்று சொன்னேன். பணிதல் என்றால் தாழ்தல்தானே. பன்றிக்குட்டிக்கு இரண்டு அர்த்தமும் பொருந்தியது.

நேரடித் தமிழ் நாவல் வேண்டும் என்றால் யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' எடுங்கள். 2020-க்கான பால சாகித்திய புரஸ்கார் பெற்றது. பேசும் பொம்மையின் கதைக்குள் குழந்தைகள் மீதான பாலியல் சீண்டல் பேசப்படுகிறது. பிள்ளையிடம் கொடுத்துவிட்டு நகர்ந்துபோகிற புத்தகம் அல்ல, பக்கத்தில் உட்கார்ந்து படிக்க வேண்டியது. அத்தியாயம் முடிந்ததும் கொஞ்ச நேரம் சும்மா இருங்கள். சொல்ல ஏதாவது இருந்தால் பிள்ளை சொல்லும்.

என் சிபாரிசு வரிசை இது. ஆறேழு வயசில் டோட்டோ சான், பிறகு ஷார்லட், அதன்பின் பினோக்கியோ. மரப்பாச்சிக்கு வயசைவிட, பேசக் கேட்க உங்களுக்கு அவகாசம் இருக்கிற வாரம்தான் முக்கியம். எதை எடுத்தாலும் அன்றைக்குப் படிக்கப்போகிற அத்தியாயத்தின் கடைசிப் பக்கத்தை மட்டும் சாயங்காலமே ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை எதைக் கையில் வைத்துக்கொண்டு தூங்கப்போகிறது என்பது உங்களுக்கு முன்னாடியே தெரிந்திருக்கும்.