கையெழுத்தும் காத்திருப்பும்

1989இல் வந்த நிண்டெண்டோவின் கேம் பாய் கைக்கருவியை இயக்கியதும் திரையின் மேல்விளிம்பிலிருந்து நிறுவனத்தின் பெயர் மெல்ல இறங்கி வரும். நடுவில் வந்து நின்றதும் 'டிங்' என்று ஓர் ஒலி. அதன் பிறகு ஆட்டம். வீடியோ கேம்களின் தொடக்க முத்திரைகளில் இதைவிடச் சிக்கனமான ஒன்றை நான் பார்த்ததில்லை. அந்தப் பெயரின் வடிவம் ஒவ்வொரு கார்ட்ரிட்ஜிலும் 48 பைட் இடத்தில் பதிந்திருக்கும். கருவிக்குள் இருக்கும் 256 பைட் தொடக்க நிரல் அதைப் படித்துத் திரையில் வரையும். தன்னிடம் உள்ள பிரதியோடு ஒப்பிட்டுப் பார்க்கும். பொருந்தாவிட்டால் அங்கேயே உறைந்து நிற்கும். கார்ட்ரிட்ஜ் செருகாமல் இயக்கினால் பெயருக்குப் பதில் ஒரு கறுப்புப் பட்டை இறங்கும். செருகும் முனையில் அழுக்கு படிந்திருந்தால் எழுத்துகள் சிதைந்து வரும். கழற்றித் துடைத்து மறுபடி செருக வேண்டும் என்று சிறு குழந்தைக்கும் புரிந்துவிடும். சில நொடிகளில் ஒரு முத்திரை இவ்வளவு வேலை செய்தது.

ஆனால் அந்த ஒப்பீட்டுக்கு வேறொரு நோக்கமும் இருந்தது. அனுமதி பெறாமல் கேம் பாய்க்கு ஆட்டம் தயாரிப்பவர், அது ஓட வேண்டுமென்றால் நிண்டெண்டோவின் வணிகச் சின்னத்தை நகலெடுத்தே ஆக வேண்டும். நகலெடுத்தால் வழக்கில் மாட்டிக்கொள்வார். இதே வழியில் போன செகா நிறுவனம் நீதிமன்றத்தில் தோற்றது. அதன் ஜெனிசிஸ் கருவியின் பிந்தைய வடிவம், கார்ட்ரிட்ஜில் குறிப்பிட்ட இடத்தில் 'செகா' என்ற நான்கு ஆங்கில எழுத்துகளைத் தேடும். கண்டதும், இந்த ஆட்டம் செகாவால் அல்லது செகாவின் உரிமத்தோடு தயாரிக்கப்பட்டது என்று திரையில் காட்டும். அக்கோலேட் என்ற நிறுவனம் உரிமம் இல்லாமல் ஆட்டங்களை வெளியிட்டது. அவற்றின் தொடக்கத்திலும் அந்த வாசகம் வந்தது. செகா வழக்குத் தொடுத்தது. அந்தத் தவறான அறிவிப்பால் விளையும் குழப்பத்துக்குச் செகாவே பொறுப்பு என்று அமெரிக்காவின் ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 1992இல் சொன்னது. சரியான தீர்ப்பு என்பதே என் கருத்து. தயாரித்தவரின் கையெழுத்தைப் பூட்டாக மாற்றினால், அவர் தயாரிக்காத பொருளின் மீதும் அது விழுந்துவிடுகிறது.

கையெழுத்து என்ற சொல்லை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. முத்திரை போடும் வழக்கத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. எழுபதுகளின் பிற்பகுதியில் அட்டாரி நிறுவனம் தன் ஆட்டங்களை எழுதியவர்களின் பெயரை வெளியிட மறுத்தது. 'அட்வென்ச்சர்' ஆட்டத்தை எழுதிய வாரன் ராபினெட், யாருக்கும் தெரியாமல் ஓர் இரகசிய அறையைக் கட்டி அதற்குள் தன் பெயரை எழுதிவைத்தார். டேவிட் கிரேன் உள்ளிட்ட நான்கு நிரலாளர்கள் அட்டாரியிலிருந்து வெளியேறி 1979இல் ஆக்டிவிஷனைத் தொடங்குவதில் பங்கெடுத்தார்கள். அந்த நிறுவனம் ஆட்டத்தை உருவாக்கியவரின் பெயரை வெளிப்படையாகப் போட்டது. கிரேனின் 'பிட்ஃபால்' 1982இல் வந்தபோது, 4 கிலோபைட்டுக்குள் காடு, முதலை, பாதாளம் எல்லாவற்றையும் அடக்கிய பிறகும், திரையின் அடிப்பகுதியில் நிறுவனத்தின் பெயருக்கு இடம் ஒதுக்கியிருந்தார்கள். ஆட்டம் நடக்கும்போதே அது அங்கே இருந்தது. அதற்காக ஆடுபவர் ஒரு நொடிகூடக் காத்திருக்கவில்லை.

முத்திரைக்குத் தனி நேரம் கேட்பதே தவறு என்று நான் சொல்ல வரவில்லை. நேரத்தை எடுத்துக்கொண்டு அதற்கு ஈடாக எதையாவது தர வேண்டும். 1991இல் வந்த செகாவின் 'சோனிக்' ஆட்டம், தொடக்கத்தில் ஜப்பானியத் தொலைக்காட்சி விளம்பரங்களில் ஒலித்த 'சே-கா' என்ற கூட்டுக்குரலை வைத்தது. கார்ட்ரிட்ஜின் மொத்தக் கொள்ளளவே 512 கிலோபைட் இருந்த காலத்தில், பதிவுசெய்த மனிதக் குரல் பெரிய ஆடம்பரம். அந்தக் குரல் கேட்டதும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

இந்தக் கலையை யாரும் இங்கிலாந்தின் ரேர் நிறுவனத்தைவிட நன்றாகச் செய்யவில்லை. 2001இல் வந்த 'காங்கர்ஸ் பேட் ஃபர் டே' ஆட்டத்தின் நாயகன் ஓர் அணில். முதலில் குழந்தைகளுக்கான ஆட்டமாகத்தான் அதைத் திட்டமிட்டார்கள். 'இன்னுமொரு அழகு பொம்மையா' என்ற சலிப்பு எழுந்த பிறகு, அதே அணிலை வைத்துப் பெரியவர்களுக்கான ஆட்டமாக முற்றிலும் மாற்றினார்கள். தொடக்கத்தில் நிண்டெண்டோ 64 கருவியின் பெரிய 'என்' சின்னம் வந்து நிற்கிறது. அணில் மரம் அறுக்கும் எந்திர ரம்பத்தோடு வந்து அதை இரண்டாகப் பிளக்கிறது. உள்ளிருந்து ரேரின் முத்திரை வெளிப்படுகிறது. ஒரு நிறுவனம் தன் கூட்டாளியின் சின்னத்தையே அறுத்துப் போடத் துணிந்திருக்கிறது என்றால், அடுத்து வருவது எப்படிப்பட்ட ஆட்டம் என்று விளக்கத் தேவையில்லை. முத்திரை ஆட்டத்தின் முதல் காட்சியாகவே ஆகிவிட்டது. ஆட்டத்துக்கென்று செய்த உருவங்களையே முத்திரைக் காட்சியிலும் நடிக்க வைத்ததால் வந்த உயிர் அது. குறுந்தகடு வந்து இடம் தாராளமானதும், எல்லா ஆட்டத்துக்கும் ஒரே வீடியோவை முன்னால் ஒட்டுவது எளிதாகிவிட்டது. பல முத்திரைகள் மந்தமானது அப்படித்தான்.

மந்தம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வரிசைதான் பொறுக்க முடியாதது. வெளியீட்டாளர், தயாரிப்பாளர், கேம் இன்ஜின், கிராபிக்ஸ் கார்டு விற்பவர், வீடியோவை ஓடவைக்கும் மென்பொருள் என்று ஒவ்வொருவரும் ஆளுக்குச் சில நொடி கேட்கிறார்கள். இதில் ஆட்டத்தை உண்மையில் உருவாக்கியவர் யார் என்பது கூட்டத்தில் காணாமல் போகிறது. கணினியில் ஆடுபவர்கள் கோப்புறைக்குள் போய் அந்த வீடியோக் கோப்புகளை நீக்குவதும் பெயர் மாற்றிவைப்பதும் பல ஆண்டுகளாக நடக்கிறது. வால்வ் நிறுவனத்தின் முத்திரை, பின்மண்டையில் சிவப்புக் குழாய்த் திருகு பொருத்திய வழுக்கைத் தலை மனிதர். முதல் முறை பார்க்கும்போது முதுகுத்தண்டு சிலிர்க்கும். நூறாவது முறை அவரும் காத்திருப்புதான். அதனால் வால்வே 'நோவிட்' என்ற தொடக்கக் கட்டளையை ஆட்டத்துக்குள் வைத்திருக்கிறது. தெரிந்தவர்களுக்கு மட்டும் திறக்கும் அந்தக் கதவு, எல்லார் கையிலும் இருக்கும் ஒரு பட்டனாக இருந்திருக்க வேண்டும்.

முத்திரை ஓடும் நேரத்தில் பின்னணியில் தரவுகள் ஏறுகின்றன, அதனால் தவிர்க்க முடியாது என்று தயாரிப்பாளர் தரப்பில் ஒரு வாதம் உண்டு. சில ஆட்டங்களில் அது உண்மை. வெறும் கறுப்புத் திரையைவிட முத்திரை மேல். ஆனால் வீடியோவை நீக்கியதும் மெனு உடனே வந்துவிடுகிறது என்றால், அங்கே எதுவும் ஏறிக்கொண்டிருக்கவில்லை என்றுதான் பொருள். முதல் முறை முழுதாகக் காட்டுங்கள், இரண்டாம் முறையிலிருந்து தாண்டிப்போக விடுங்கள். இதற்குப் புதிய தொழில்நுட்பம் எதுவும் வேண்டாம்.

கட்டாயம் முத்திரைக்கே கெடுதல் செய்யும் என்பதற்கு யூனிட்டி இன்ஜின் நல்ல சான்று. இலவசப் பதிப்பில் ஆட்டம் செய்தவர் 'யூனிட்டியில் உருவாக்கப்பட்டது' என்ற திரையைக் காட்டியே ஆக வேண்டியிருந்தது. பணம் கட்டியவர் அதை எடுத்துவிட முடிந்தது. விளைவு, கைப்பழக்கம் போதாத முதல் முயற்சிகளில் எல்லாம் அந்தச் சின்னம் தெரிந்தது. அதே இன்ஜினில் செய்த நேர்த்தியான ஆட்டங்கள் பலவற்றில் தெரியவில்லை. மட்டமான ஆட்டத்தின் அடையாளம் என்று பலர் அதைக் கருதத் தொடங்கினார்கள். இன்ஜினுக்கும் அது அநியாயம், தொடக்கநிலைக் கலைஞர்களுக்கும் அநியாயம். 2024இல் வந்த யூனிட்டி 6இலிருந்து இலவசப் பதிப்பிலும் அந்தத் திரையை விருப்பத்துக்கு விட்டுவிட்டார்கள். தாமதமாக வந்தாலும் நல்ல முடிவு.

என் பெரிய மனக்குறை வேறு. தங்கள் பெயருக்காகப் போராடிய மனிதர்களிடமிருந்து கிளம்பிய வழக்கம், இன்று மனிதர்களின் பெயர் இல்லாமல் நடக்கிறது. 2002இல் மைக்ரோசாஃப்ட் 375 மில்லியன் டாலருக்கு ரேரை வாங்கியது. நிறுவனர்களான ஸ்டாம்பர் சகோதரர்கள் 2007இல் விலகினார்கள். முத்திரை தொடர்கிறது. அதைப் பார்ப்பவருக்கு உள்ளே யார் இருக்கிறார்கள், யார் போய்விட்டார்கள் என்பது தெரிய வழியில்லை. 2015இல் கொனாமி நிறுவனம், 'மெட்டல் கியர் சாலிட் 5' வெளிவருவதற்கு முன்பே அதன் அட்டையிலிருந்து, அந்த ஆட்டத்தை உருவாக்கிய குழுவான கோஜிமா புரொடக்‌ஷன்ஸ் முத்திரையை எடுத்துவிட்டது. அட்டைப்படத்தை மாற்றினாலே போதும், ஒரு குழுவின் அடையாளம் மறைந்துவிடும்.

ஆட்டத்துக்குள் நிலைமை வேறாக இருந்தது. அதில் ஒவ்வொரு பணியின் தொடக்கத்திலும் தொலைக்காட்சித் தொடர் போலப் பெயர்கள் வருகின்றன. ஆட்டத்தின் இயக்குநர் ஹிடியோ கோஜிமாவின் பெயர் மறுபடி மறுபடி வருகிறது. அந்தப் பட்டியலில் வரப்போகும் எதிரிகளையும் போட்டுவிடுவதால் திருப்பங்கள் முன்கூட்டியே தெரிந்துவிடுகின்றன என்று பலர் குறைப்பட்டார்கள், குறை நியாயமானது. இருந்தாலும் ஐந்து நிறுவனச் சின்னங்கள் வரிசையாக ஓடும் நேரத்தை, ஒலி அமைத்தவரும் நிரல் எழுதியவரும் ஓவியம் தீட்டியவரும் பெயரோடு வந்து போகும் நேரமாக மாற்றித் தந்தால், பட்டனைத் தொடாமல் முழுதாகப் பார்ப்பேன்.