வட்டத்தின் அகலம் எதை அளக்கிறது?

மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களை வெள்ளி நானோ துகள்கள் அழிக்கின்றன என்று கூறும் ஆய்வுக் கட்டுரைகள் நம் நாட்டிலிருந்தும் ஏராளமாக வெளிவருகின்றன. பெரும்பாலும் செய்முறை ஒன்றே. வேப்பிலைச் சாற்றையோ துளசிச் சாற்றையோ வெள்ளி நைட்ரேட் கரைசலில் கலக்கிறார்கள், கலவை பழுப்பு நிறமடைகிறது, துகள்கள் பிறந்துவிட்டன! கிருமி பரப்பிய அகார் தட்டில் அதில் தோய்ந்த வட்டத்தாள் ஒன்றும், ஆன்டிபயாடிக் வட்டத்தாள் ஒன்றும் வைக்கப்படுகின்றன. மறுநாள், தாளைச் சுற்றிக் கிருமி வளராத தெளிந்த வட்டத்தை அளக்கிறார்கள். வெள்ளிக்கு 18 மி.மீ., மருந்துக்கு 12 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். உடனே, மருந்தைவிட வெள்ளியே வலியது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

இம்முடிவு செல்லாது. 1966-இல் பாவர், கிர்பி முதலியோர் முறைப்படுத்திய இச்சோதனையில் வட்டத்தின் அகலம் வீரியத்தை மட்டும் காட்டுவதில்லை. தாளில் இருந்த மருந்தின் அளவு, அகாரில் அது பரவும் வேகம் ஆகியவையும் அதில் கலந்தே இருக்கின்றன. அதனால்தான் ஒவ்வொரு மருந்துக்கும் தனி அளவுகோல் வகுத்தார்கள். இன்றைய அமெரிக்க வரையறைப்படி, ஈ.கோலைக்கு எதிராக ஆம்பிசிலின் வட்டம் 20 மி.மீ. இருந்தால் மருந்து பலிக்கும். சிப்ரோஃபிளாக்சசின் வட்டம் அதே 20 மி.மீ. இருந்தால் கிருமி அம்மருந்துக்கு அடங்காதது! வெள்ளிக்கோ அத்தகைய அளவுகோலே இல்லை.

பரவலைப் பற்றி இயற்பியல் மாணவர்கள் படித்திருப்பார்கள். ஆரம் பெருகப் பெருகப் பரவும் வேகம் குறையும். மருந்து மூலக்கூறு சுமார் 1 நானோமீட்டர். 20 நானோமீட்டர் துகள் நீரிலேயே ஏறத்தாழ 20 மடங்கு மெதுவாகப் பரவும். அகாரின் வலைப்பின்னலில் இன்னும் சிரமம். ஆகவே வட்டத்தை உண்டாக்கியது துகளிலிருந்து கரைந்த, அல்லது வினைபுரியாமல் எஞ்சிய, வெள்ளி அயனியாக இருக்கலாம் அல்லவா? வெறும் வெள்ளி நைட்ரேட் தோய்த்த மூன்றாவது தாள் ஒன்றை வைத்திருந்தால் இந்த ஐயத்தை ஆராய்ந்திருக்கலாம். பல கட்டுரைகளில் அந்தத் தாளைக் காணோம்.

கேள்வியைச் சரியாகக் கேட்டவர்களும் உண்டு. 2012-இல் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தார் ஆக்சிஜன் அற்ற சூழலில் துகள்களைச் சோதித்தனர். ஆக்சிஜன் இன்றேல் துகள் அயனியை வெளிவிடாது. ஈ.கோலையும் சாகவில்லை! 2013-இல் பாஸ்டன் நகர ஆய்வாளர்கள் வெள்ளி அயனி கிருமியின் உறையைக் கசியச் செய்து, வழக்கமாக உள்ளே நுழைய முடியாத வான்கோமைசினுக்கு வழி திறப்பதைக் கண்டு, எலிகளிலும் சோதித்துப் பார்த்தனர்.

கிருமிகளும் சும்மா இருப்பதில்லை. வெள்ளி நைட்ரேட்டுக்கு அடங்காத சால்மோனெல்லா, தீப்புண் நோயாளிகளிடம் கண்டறியப்பட்ட செய்தி 1975-லேயே வெளியாயிற்று. வெள்ளித் துகள்களுக்கு மீண்டும் மீண்டும் ஆளான ஈ.கோலை, ஃபிளாஜெல்லின் என்ற புரதத்தைக் கொண்டு அத்துகள்களை ஒன்றாகத் திரளச் செய்து தப்பிக்கிறது என்று 2018-இல் செக் நாட்டு ஆய்வாளர்கள் காட்டினர். ஒரே இரவில் முடிந்துவிடும் தட்டுச் சோதனையில் இது தென்படாது.