கிளேர் கீகன் அம்மையாரும் ஒரு கரி வியாபாரியும்

ஐரிஷ் நாவலாசிரியை கிளேர் கீகன் அம்மையார் எழுதியவை யாவற்றையும் ஒன்றன்மேலொன்றாய் அடுக்கினும் ஒரு சாண் உயரம் வாராது. 1968-ல் விக்லோ ஜில்லாவில் பிறந்து, குடியானவர் வீட்டில் வளர்ந்து, 17-ஆம் வயதில் அமெரிக்காவிலுள்ள நியூ ஆர்லியன்ஸ் நகர் சென்று கல்வி பயின்று தாய்நாடு திரும்பியவர். 1999-ல் வெளிவந்த ‘அண்டார்ட்டிகா’ முதற்கொண்டு அவர் தந்தவை சில மெல்லிய நூல்களே. பக்கத்தை நிரப்புவதே புலமையென்று கருதும் எழுத்தாளர் இவரிடம் பாடங் கேட்டல் நலம்.

2021-ல் வெளிவந்து மறு ஆண்டு ஆர்வெல் பரிசு பெற்ற ‘இவை போன்ற சிறு காரியங்கள்’ என்னும் நாவலையே ஈண்டு எடுத்துக்கொள்வோம். இடம் நியூ ராஸ் என்னும் சிற்றூர். காலம் 1985, கிறிஸ்துமஸுக்கு முந்திய வாரங்கள். பில் ஃபர்லாங் கரியும் விறகும் விற்பவன். ஐந்து பெண்மக்களின் தந்தை. கன்னியர் மடத்துக்குக் கரி இறக்கச் சென்ற ஒரு விடியலில், கரிக்கொட்டகைக்குள் பூட்டிவைக்கப்பட்ட ஓர் இளம் பெண்ணைக் காண்கிறான். தன் கைக்குழந்தை என்னவாயிற்றென்று கேட்டுச் சொல்லும்படி அவள் வேண்டுகிறாள்.

இது வெறுங் கற்பனையென்று தள்ளற்பாலதன்று. மணமின்றிக் கருவுற்றவர், அநாதைகள், வறியவர் எனப் பல்லாயிரம் பெண்டிர் அயர்லாந்தின் மக்தலேன் சலவைச்சாலைகளில் அடைபட்டுக் கூலியின்றி உழைத்தனர். நடத்தியவர் கன்னிகாஸ்திரீகள், ஆனால் அரசாங்கமும் அங்கே பெண்களை அனுப்பிற்று, தன் அழுக்குத் துணிகளையும் அனுப்பிற்று. கடைசிச் சாலை மூடப்பட்டது 1996-ல். பிரதம மந்திரி பார்லிமெண்டில் மன்னிப்புக் கோரியதோ 2013-ல்தான்.

ஆயினும் கதையினுள் ஆசிரியை தம் குரலில் மடத்தை வைதாரில்லை. சீர்திருத்தம் பேசும் நம்மனோர்க்கு இது ஏமாற்றமாய்த் தோன்றலாம். மறுமுறை படிக்குங்கால் அவர் கருத்து விளங்கும். மடத்துத் தலைவி ஃபர்லாங்குக்குத் தேநீர் அளிக்கிறாள். பணமிட்ட உறையொன்றும் நீட்டுகிறாள். மடத்தை அடுத்த பள்ளியில் அவன் பெண்களுக்கு இடம் வேண்டியிருக்கும் என்பதும் பேச்சிடையே வந்துபோகிறது. அவ்வளவே. மனைவி ஐலீன் கெட்டவளல்லள். ஐந்து பெண்களைக் கரையேற்றவேண்டியவள். நமக்கேன் வம்பு என்பது அவள் கட்சி. உணவுவிடுதி நடத்தும் அம்மாளும் அதையே நயமாய் எச்சரிக்கிறாள். ஒருவரும் உரக்கப் பேசாமலே ஓர் ஊர் முழுதும் வாயடைத்து நிற்பதை இவ்வளவு துலாம்பரமாய்க் காட்டிய கதை வேறொன்றை நாம் படித்ததில்லை. கணக்கேட்டோடு நாள் கழிக்கும் நம்போன்றார்க்கு இது பின்னும் நன்றாய்ப் புரியும். தவணை தவறாது பணம் செலுத்தும் வாடிக்கைக்காரரை எந்த வியாபாரி பகைத்துக்கொள்வான்?

நிற்க. நமக்கொரு குறையும் உண்டு. ஃபர்லாங் மணமாகாத வேலைக்காரியின் மகன். எஜமானியான புராட்டஸ்டண்டு விதவை அத்தாயை வெளியே தள்ளாமையால் ஆளானவன். அவன் இரக்கத்துக்கு இங்ஙனம் பிறப்பே காரணமாகிவிடுகிறது. அத்தகைய பிறப்பில்லாதவன் அக்கதவைத் திறந்திருப்பானா என்ற கேள்வியை ஆசிரியை நழுவவிட்டார். கொட்டகைப் பெண்ணுக்கும் அவன் தாயின் பெயரையே இட்டது மிகை.

முடிவைப்பற்றிக் குறை கூறுவோரோடு நாம் சேரோம். கிறிஸ்துமஸுக்கு முதல் நாள், வெறுங்காலோடு நிற்கும் அப்பெண்ணைக் கைப்பிடித்து ஊர்நடுவே அழைத்துவருகிறான். கண்டவர் சிலர் ஒதுங்குகின்றனர். வீட்டு வாயிலை நெருங்குமுன் நூல் நின்றுவிடுகிறது. ஐலீன் என்ன சொன்னாள், கரி வியாபாரம் என்னாயிற்று என்பவற்றைப் படிப்பவரே தம் வீட்டில் வைத்து எண்ணிப் பார்க்கட்டும்.

நூல் நூறு பக்கங்களுக்குச் சற்றே மிகும், ஆங்கிலமும் எளியது. படிக்க வல்லவர் ஏனையோர்க்கு இரண்டு மாலைகளில் சொல்லி முடிக்கலாம். வீட்டுப் பெண்களும் உடனிருந்து கேட்பாராக.