தாராசுரமும் தமிழர் அறநெறிகளும்

அறம் எங்கும் எப்போதும் ஒன்றுதானா, குலத்துக்கும் இடத்துக்கும் ஏற்ப மாறுவதா என்னும் வழக்கு தமிழில் பழையது. கும்பகோணத்தை அடுத்த தாராசுரத்தில் அது கல்லிலேயே இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் இராசராசன் எடுப்பித்த ஐராவதேசுவரர் கோயிலின் அடித்தளச் சுவரில் நாயன்மார் வரலாறுகள் சிறு சிற்பங்களாக வரிசை பிடித்து நிற்கின்றன. பொது அறத்தின் கண்ணால் பார்த்தால் அவற்றில் சில குற்றச்செயல்களே: பிள்ளையை அறுத்துக் கறி சமைத்தவர் சிறுத்தொண்டர், தந்தையின் காலை வெட்டியவர் சண்டேசர், மனைவியை அடியவருக்குக் கொடுத்தவர் இயற்பகையார்.

விலக்கே இல்லாத அறத்தைப் பற்றி நின்றவர்கள் சமணர். தான் கொல்லாத விலங்கின் ஊனை உண்பது பாவமன்று என்ற பௌத்தர் வாதத்தைச் சமணக் காப்பியமான நீலகேசி விடாமல் தாக்குவது அதனால்தான். குறள் புலாலை மறுப்பதில் சமணரோடு நிற்கிறது. ஆனால் வாய்மை அதிகாரத்தில், குற்றமற்ற நன்மை தரும் பொய்யை வாய்மையின் இடத்தில் வைத்துவிடுகிறது. ஜெர்மானியத் தத்துவஞானி கான்ட் இதை ஒப்பியிருக்கமாட்டார். தொல்காப்பியத்தின் திணைப் பாகுபாட்டைப் பண்பாட்டுச் சார்பியலுக்குச் சான்று காட்டுவோரும் உண்டு. அது பொருந்தாது. திணை பாட்டின் மரபு. அறத்தீர்ப்பு வழங்குவது அதன் வேலையன்று.

உண்மையான சார்பியல் குலத்துக்கொரு நீதி சொன்ன தரும சாத்திரங்களில்தான் இருந்தது. இந்தியச் சிந்தனை சூழலைப் பார்த்தே விதி வகுக்கிறது என 1989இல் எழுதிய ஏ.கே. இராமானுசனும் மனு நூலையே எடுத்துக்காட்டினார். நாயன்மார் வரலாறு பாடிய சேக்கிழாரோ தம் பெரியபுராணத்தின் தொடக்கத்திலேயே, மனுவின் பெயர் பூண்ட சோழனைக் கொண்டு இதற்கு மாறான ஒன்றைச் செய்கிறார். இளவரசனின் தேர்க்காலில் கன்று மடிகிறது. மறை வல்லோர் விதித்த கழுவாயைச் செய்தால் போதும் என்கிறார்கள் அமைச்சர்கள். தாய்ப்பசுவின் துயரை அது தீர்க்குமா என்று கேட்கிறான் அரசன். வேறொருவன் கொன்றால் தண்டித்துவிட்டு, மகன் கொன்றால் விடுவதா என்றும் கேட்கிறான். மகன்மேல் தேரேற்றப் பணிக்கப்பட்ட அமைச்சன் தன் உயிரையே விட, அரசனே தேரைச் செலுத்துகிறான். பசுவுக்கும் இளவரசனுக்கும் ஒரே நீதி. இதைவிடக் கடுமையான பொது அறம் தமிழில் அரிது.

அதே நூல் சிறுத்தொண்டரையும் போற்றுவது எப்படி? திருக்கடவூர் உய்யவந்ததேவர் திருக்களிற்றுப்படியாரில் அடியார் செயல்களை மெல்வினை, வல்வினை என இரண்டாகப் பிரித்தார். பிறரால் செய்ய முடியாதவை வல்வினை. அருணந்தி சிவம் சிவஞான சித்தியாரில், தக்கன் வேள்வி தீமையாய் முடிந்ததையும் சண்டேசர் செயல் நன்மையாய் முடிந்ததையும் அருகருகே வைத்துக் காட்டினார். இதைச் சார்பியல் என்பது பிழை. அவரவர் வழக்கம் அவரவர்க்குச் சரி என்று சைவம் சொல்லவில்லை. அன்பு என்னும் ஒற்றை அளவுகோலை எல்லா விதிக்கும் மேலே வைத்தது. கண்ணப்பர் படைத்த இறைச்சி வேட்டுவ குல வழக்கம் என்பதற்காக ஏற்கப்படவில்லை. அப்படியானால், அந்த இறைச்சியைக் கண்டு வருந்திய பூசகர் சிவகோசரியாருக்குக் கண்ணப்பரின் அன்பைச் சிவன் காட்ட வேண்டிய தேவையே இருந்திராது. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது: கன்று, இளவரசன், அமைச்சன், சிறுத்தொண்டர் மகன் சீராளன் எல்லோரும் உயிரோடு திரும்புகிறார்கள். இழப்பை அப்படியே விட்டுவிடச் சேக்கிழாருக்கு மனம் வரவில்லை போலும்.

இதே வழக்கு மேலை உலகிலும் எழுந்தது. 1947இல் அமெரிக்க மானுடவியலார் சங்கம் ஒரு பண்பாட்டின் அளவுகோலை மற்றவற்றின்மேல் ஏற்றுவதை ஐயுற்றது. அடுத்த ஆண்டே ஐ.நா. மனித உரிமைகளை எல்லோர்க்கும் பொதுவென அறிவித்தது. தமிழ்நாட்டில் அதற்கும் முன்பே பெரியபுராணம் விவாத மேடையேறிவிட்டது. அதையும் கம்பராமாயணத்தையும் எரிக்கலாமா என்று 1943இல் அண்ணா, ரா.பி. சேதுப்பிள்ளையோடும் நாவலர் சோமசுந்தர பாரதியாரோடும் வாதிட்டார். பகுத்தறிவுக்கும் மானத்துக்கும் ஒவ்வாததை மரபு என்று பொறுக்க முடியாது என்பது அண்ணா தரப்பு. அவரும் சார்பியலாளர் அல்லர். அந்தச் சொற்போர் பின்னர் ‘தீ பரவட்டும்’ என்ற நூலாக வந்தது.