பாலமும் எல்லைக்கோடும்

டென்மார்க்கையும் சுவீடனையும் இணைக்கும் ஓரசுண்ட் பாலத்தின் நடுவே, எல்லைக்கோட்டின்மீது ஒரு சடலம் கிடக்கின்றது. இரு நாட்டுப் பொது ஒளிபரப்பு நிறுவனங்களும் கூட்டாகத் தயாரித்து 2011ஆம் ஆண்டில் அளித்த 'பாலம்' என்னும் தொலைக்காட்சி நாடகம் இவ்வாறு தொடங்குகின்றது. அச்சடலமோ இரு பெண்களின் பாதியுடல்களைச் சேர்த்து வைத்தது. ஒருவர் சுவீடன் அரசியல்வாதி. மற்றவள் டென்மார்க்கின் விலைமாது. பின்னவள் முன்னரே காணாமற்போனபோது அதனை எவரும் பெரிதாகக் கொள்ளவில்லை. நாட்டெல்லையிலும் கொடிய எல்லை வர்க்க எல்லையே என்பதை இந்நாடகம் முதற் காட்சிகளிலேயே உணர்த்திவிடுகின்றது. அதன் சிறப்பும் அதுவே.

ஆயின், கலை கடந்த கோட்டினைச் சந்தை கடக்க விடுவதில்லை. 1989ஆம் ஆண்டிலேயே 'எல்லைகளற்ற தொலைக்காட்சி' என்று பெயரிட்டுச் சட்டம் செய்த ஐரோப்பா, இணையவழித் தொலைக்காட்சியைப் பொறுத்தவரை இன்றும் துண்டுதுண்டாகவே கிடக்கின்றது. பார்ப்பவர் எந்நாட்டிலிருந்து இணைகின்றார் என்பதைச் சேவை நிறுவனம் அறிந்துகொள்கின்றது. அந்நாட்டுக்கென உரிமை வாங்கப்படாத படைப்பாயின் திரை மூடிக்கொள்கின்றது. 2018 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த ஒழுங்குவிதியின்படி, வாங்குபவரின் நாட்டைக் காரணங்காட்டி ஒரு சப்பாத்தை விற்க மறுத்தலாகாது. திரைப்படத்துக்கும் தொலைக்காட்சிக்கும் அவ்விதி பொருந்தாதென விலக்களித்துவிட்டனர்.

அவ்வாண்டு ஏப்ரல் மாதம் நடைமுறைக்கு வந்த மற்றொரு விதியைச் சிலர் பெருஞ் சாதனையெனப் போற்றுவர். ஐரோப்பிய ஒன்றிய நாடொன்றிற் கட்டணஞ் செலுத்திச் சந்தாதாரரானவர், வேறோர் ஒன்றிய நாட்டில் தற்காலிகமாகத் தங்கும்போதும் தம் நாட்டுச் சேவையைப் பெறலாம் என்கின்றது அது. 'தற்காலிகமாக' என்னும் சொல்லை நாம் ஊன்றி நோக்க வேண்டும். உல்லாசப் பிரயாணிக்கும் வியாபாரிக்கும் அச்சொல் கதவைத் திறக்கின்றது. பிழைப்புத் தேடி ஜேர்மனியிற் குடியேறிவிட்ட ருமேனியத் தொழிலாளிக்கோ அது கதவை அடைக்கின்றது. அவரது வதிவிடம் மாறிவிட்டது. எனவே அவ்விதியின் பாதுகாப்பு அவருக்கில்லை. பொது ஒளிபரப்பு நிறுவனங்களின் இலவச இணையச் சேவைகளுக்கோ அவ்விதி கட்டாயமுமன்று. நாடகத்திற் கண்ட வர்க்க எல்லை சட்டத்திலும் ஓடக் காண்கின்றோம்.

புலம்பெயராமலே எல்லைக்கு அப்பாற்பட்டுவிட்ட மக்களும் உளர். ருமேனியாவில் வாழும் ஹங்கேரியரும், இத்தாலியின் தென் டிரோலில் வாழும் ஜேர்மன் மொழியினரும் இத்தகையோர். இவர்களைப் போன்ற சிறுபான்மையினர் அயல்நாட்டிலிருந்து வரும் தாய்மொழி நிகழ்ச்சிகளைத் தடையின்றிக் காண வழி வேண்டும் என்பது, பதினொரு இலட்சத்துக்கு மேற்பட்டோர் கையொப்பமிட்ட பிரசைகள் முயற்சியொன்றின் கோரிக்கைகளுள் ஒன்றாக இருந்தது. புதிய சட்டம் தேவையில்லையென 2021 ஜனவரியில் ஐரோப்பிய ஆணைக்குழு விடை பகர்ந்தது.

எதிர்த் தரப்பாரின் வாதத்தையும் நாம் புறக்கணித்தலாகாது. சிறிய நாடுகளின் திரைப்படங்கள் பல, நாடுநாடாக உரிமையை முன்கூட்டி விற்றுப் பெறும் பணத்தினாலேயே உருவாகின்றன. எல்லாத் தடைகளையும் ஒரே நாளில் நீக்கினால், ஐரோப்பா முழுமைக்கும் உரிமை வாங்கவல்ல பெருநிறுவனங்கள் சிலவே களத்தில் எஞ்சக்கூடும். சிறு கலைஞரின் இவ்வச்சம் நியாயமானதே. ஆனால் அது காட்டும் உண்மை யாது? தனியாரின் ஏகபோகம் அல்லது கூறுபோட்ட சந்தை என்ற இரண்டையன்றி வேறொன்றையும் இவ்வமைப்பு கலைஞருக்கு அளிப்பதில்லை என்பதே.

மூன்றாவது வழியொன்று உண்டு. ஒளிபரப்பு நிறுவனங்கள் தாமே முழுச் செலவையும் ஏற்றுத் தயாரித்த நிகழ்ச்சிகளையும் செய்திகளையும் எல்லை கடந்து வழங்குவதற்கான உரிமைச் சிக்கலை 2019ஆம் ஆண்டுப் பணிப்புரை எளிதாக்கியது. வழங்கியே ஆகவேண்டுமெனக் கூறவில்லை. பொதுப்பணத்தால் விளைந்த கலை பொதுமக்களுக்கே உரியது. அதனை எல்லை கடந்து திறந்துவிடுவதைக் கடமையாக்க வேண்டும். அதனாற் கலைஞர் இழப்பதை அரசுகள் கூடி ஈடுசெய்ய வேண்டும்.

பாலத்தைக் கட்டியவர் உழைப்பாளர். அதன்மேல் நடக்கும் உரிமை உல்லாசப் பிரயாணிக்கு மட்டும் உரியதன்று.