கூரையிழந்த தாய்: ‘நபான்ன’ நாடகம் குறித்துச் சில எண்ணங்கள்

கல்கத்தாவுக்குப் பிழைக்க வந்த நாம் இவ்வூர் இனிப்பை அறிந்த அளவுக்கு இவ்வூர் நாடகத்தை அறியவில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அரிசித் தரகு என் தொழில். காலேஜ் தெருப் பழைய புத்தகக் கடையில் பிஜன் பட்டாச்சார்யாவின் ‘நபான்ன’ கண்ணில் பட்டபோது, புத்தரிசி விழா என்கிற தலைப்பைப் பார்த்து, நம்ம சரக்காச்சே என்றுதான் வாங்கினேன். எழுத்துக் கூட்டிப் படித்து முடிக்க இரண்டு மாதமாயிற்று.

1944 அக்டோபர் 24 அன்று இந்திய மக்கள் நாடக மன்றத்தார் இதை ஸ்ரீரங்கம் அரங்கில் மேடையேற்றினர். பிஜனும் சம்பு மித்ராவும் இயக்கம். பின்திரை வெறும் சாக்குத் துணி. பார்க்க வந்தவர்களோ, முந்தின ஆண்டுப் பஞ்சத்தில் இதே நகரத் தெருக்களில் பிணங்களைத் தாண்டி நடந்தவர்கள். சோறு கேட்கக்கூடத் துணியாமல் வடிகஞ்சி கேட்டு அழுத குரல் அவர்கள் காதில் இருந்திருக்கும்.

ஆமின்பூர் கிராமத்து உழவர் குடும்பம் ஒன்று புயலாலும் பசியாலும் வீடு வாசலை விட்டு நகரத்துக்கு வருகிறது. அக்குடும்பத்து மருமகள் ராதிகா. மேடையில் சோபா சென் ஏற்ற வேடம். அவள் பிள்ளை மாக்கன் பசிக்குப் பலியாகிறான். ஒரு கல்யாண வீட்டு வாசலில், எச்சில் தொட்டியருகே, அவள் புருஷன் குஞ்ஜன் நாயோடு போட்டியிட்டுக் கடிபடுகிறான். உள்ளே விருந்து நடக்கிறது. ராதிகா அவன் காயத்தைக் கவனிக்கிறாள். வீடு என்பது சுவரும் கூரையும் அல்ல, இவள்தான் என்று அங்கே தோன்றிவிடுகிறது. பசிப்பிணி தீர்க்க மணிமேகலைக்கு அமுதசுரபி கிடைத்தது; இவளுக்கு எச்சில் தொட்டிதானே கிடைத்தது!

எனக்கு உறுத்தியது வேறு. நாடகத்தின் கொடியவன் காளிதன், அரிசி பதுக்கும் வியாபாரி. பெண்களை விற்கும் கூட்டத்துக்கும் அவனே முதலாளி. வியாபாரி என்றாலே இப்படியா எழுதுவது என்று முதலில் கோபம் வந்தது. பிறகு 1945ஆம் ஆண்டுப் பஞ்ச விசாரணைக் குழு அறிக்கை பற்றிப் படித்தேன். 1943இல் அரிசி வாணிகத்தில் கிடைத்த மிகை லாபம் 150 கோடி ரூபாய், இறந்தவர் சுமார் 15 லட்சம் பேர் என்பது அதன் கணக்கு. தலைக்கு ஆயிரம் ரூபாய் ஆகிறது. (இறந்தவர் இன்னும் மிகுதி, 30 லட்சம் வரை என்பார் அமர்த்தியா சென்.) பர்மா அரிசி நின்றதும், சர்க்கார் படகுகளைப் பறித்ததும் காரணங்களே, மறுக்கவில்லை. ஆனாலும் மிகுபொருள் விரும்பாமையை இல்லறத்தார் விரதமாகக் கொண்ட எங்கள் சமணக் குடும்பத்தில் பிறந்து, விலை ஏறட்டும் என்று நானும் சில மூட்டைகளை நிறுத்தி வைத்ததுண்டே. காளிதனை மிகைப் படைப்பு என்று தள்ள எனக்கு வாய் வரவில்லை.

குறை என்றால் கடைசி அங்கம். பிரிந்தவர் கூடுகிறார்கள், புது நெல் வருகிறது, ஊரே விழாக் கொண்டாடுகிறது. மேடைக்கு அது வேண்டியிருக்கலாம். நான் அந்தக் கூட்டத்தில் ராதிகாவைத்தான் தேடினேன். வீடு திரும்பிவிட்டாள், சரி. மாக்கனுக்கு வைக்க வேண்டிய முதல் பிடிச் சோறு கொட்டுச் சத்தத்தில் மறந்துபோயிற்று.