வாசிப்பா, ஒப்புவிப்பா? - மலையக இடைநிலை வகுப்புகளில் ஆங்கில வாசிப்புப் பயிற்சி: ராகலையை முன்வைத்து ஒரு நோக்கு

மலையகப் பாடசாலைகளின் ஆங்கிலக் கல்வி பற்றிப் பேசப்படும்போதெல்லாம் ஆசிரியர் பற்றாக்குறை, கட்டட வசதியின்மை, பரீட்சைப் பெறுபேறு ஆகியனவே முன்னிறுத்தப்படுகின்றன. இவை உண்மையான குறைபாடுகள். இவற்றைக் குறைத்து மதிப்பிடுவது எமது நோக்கமன்று. ஆயினும், ஆசிரியர் உள்ள வகுப்பிலே, பாடநூல் கையிலுள்ள மாணவர் மத்தியிலே, ‘வாசிப்பு’ என்னும் பெயரில் நடைபெறுவது யாது என்ற வினா அரிதாகவே எழுப்பப்படுகின்றது. ஆறாந் தரம் முதல் ஒன்பதாந் தரம் வரையிலான வகுப்புகளைக் கருத்திற்கொண்டு, ராகலைப் பகுதியை முன்வைத்து, இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ராகலையை எடுத்துக்கொள்வதற்குக் காரணமுண்டு. ஆங்கிலத்துக்கு மிக அண்மையிலும் மிகத் தொலைவிலும் ஒருங்கே இருக்கும் ஊர் அது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக ராகலை வரை குறுகிய இருப்புப்பாதையொன்று இடப்பட்டது. தேயிலையை இறக்குவதே அதன் முதன்மையான பயன். பாதை பின்னர் மூடப்பட்டுத் தண்டவாளங்களும் அகற்றப்பட்டன. பெயர்கள் மட்டும் நிலைத்துவிட்டன. லிடெஸ்டேல் என்பது தென் ஸ்கொத்லாந்திலுள்ள ஒரு பள்ளத்தாக்கின் பெயர். ராகலைக்கு அருகே அது ஒரு தேயிலைத் தோட்டத்தின் பெயர். சென்லெனாட், புறூக்சைட் என்பனவும் இத்தகையனவே. தன் முகவரியையே ஆங்கிலச் சொல்லாகக் கொண்ட சிறுவன், அம்மொழியிலமைந்த பத்து வரிகளை விளங்கி வாசிக்க இயலாதவனாக நிற்கின்றான்.

தோட்டத்து வழக்கிலுள்ள ஆங்கிலச் சொற்களை நோக்கின் இம்முரண்பாட்டின் அடிப்படை புலனாகும். லயன், பெரட்டு, செக்ரோல், டிவிசன், கண்டாக்கு, கிளாக்கர் முதலிய சொற்கள் எழுத்தறியாதவர் நாவிலும் நெடுங்காலமாக வழங்கி வருகின்றன. லயன் என்பது வரிசை. பெரட்டு என்பது அணிவகுப்பு. செக்ரோல் என்பது பெயர்ப்பதிவு. மக்களை வரிசையிலே குடியிருத்தி, வரிசையிலே நிறுத்தி, எண்ணிக் கணக்கெடுப்பதற்கு உரிய சொற்களே பெரும்பாலும் கீழிறங்கி வந்துள்ளன. கேள்வி கேட்பதற்கோ, காரணம் வினவுவதற்கோ, மறுத்துரைப்பதற்கோ உரிய சொற்கள் வரவில்லை. மொழிக் கலப்பு என்பது சமூக உறவுகளுக்கு அப்பாற்பட்ட நிகழ்ச்சியன்று என்பதற்கு இது தக்க சான்றாகும்.

இவ்வுறவின் மறுபக்கத்தையும் நோக்குதல் வேண்டும். தோட்டத்துக்குப் புதிதாக வந்த வெள்ளைக்காரச் சின்னத்துரைமார் தமிழ் கற்பதற்கெனக் கைநூல்கள் இருந்தன. அவற்றுள் ஒன்றின் பெயரே ‘இங்கே வா’ என்பதாகும். ஏவல் வாக்கியம் ஒன்று மொழிநூலின் தலைப்பாக அமைந்தமை தற்செயலானதன்று. தொழிலாளியோடு உரையாடுவதற்கன்றி, அவனை ஏவுவதற்கு வேண்டிய அளவு தமிழே துரைக்குத் தேவைப்பட்டது. அதுபோலவே, ஏவலுக்குக் கீழ்ப்படிய வேண்டிய அளவு ஆங்கிலமே தொழிலாளிக்குப் போதுமெனக் கருதப்பட்டது. 1907ஆம் ஆண்டின் கிராமியப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம், ஆறு முதல் பத்து வயது வரையிலான தோட்டப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிக்கும் பொறுப்பைத் தோட்ட நிருவாகத்தின்மீது சுமத்தியது. தாய்மொழிக் கல்வி என்பது கொள்கையளவிலே வரவேற்கத்தக்கதே. எனினும், நகரங்களிலே கட்டணம் செலுத்தியோர்க்கு ஆங்கிலமும் அதன்வழி உத்தியோகமும், தோட்டத்திலே கொழுந்துக் கூடைக்கு முந்திய சில ஆண்டு எழுத்தறிவும் எனக் கல்வி இரண்டாகப் பிளவுபட்டிருந்த நாட்டிலே அச்சட்டத்தின் வர்க்கப் பொருளை மறந்துவிடலாகாது. 1945இன் இலவசக் கல்வித் திட்டமும் தோட்டப் பாடசாலைகளைத் தன் வட்டத்துக்கு வெளியே விட்டது. கம்பனித் தோட்டங்கள் 1975இல் அரசுடைமையாக்கப்பட்ட பின்னரே, 1977இலிருந்து படிப்படியாக, அப்பாடசாலைகள் அரசாங்கப் பாடசாலைகளாயின. எனவே, மலையகச் சிறுவர் நாட்டின் பொதுவான ஆங்கிலப் பாடநூலைக் கையிலேந்தியமை ஒரு தலைமுறைக்குமேற் பிந்தி நிகழ்ந்ததாகும்.

பாடநூல் வந்தது, ஆயின் வாசிப்பு வந்ததா? இப்பகுதிப் பாடசாலைகள் சிலவற்றிலே இக்கட்டுரையாளர் கண்ட வகுப்புகள் பெரும்பாலும் ஒரே ஒழுங்கினைப் பின்பற்றின. ஆசிரியர் ஒரு வரியை உரத்து வாசிப்பார். வகுப்பு முழுவதும் அதனை உரத்துச் சொல்லும். பின்னர் மாணவர் ஒவ்வொருவராக எழுந்து வாசிப்பர்; உச்சரிப்புத் தவறுகள் திருத்தப்படும். அடுத்து அருஞ்சொற்களுக்குத் தமிழ்ப் பொருள் கரும்பலகையில் எழுதப்படும். இறுதியாக, பகுதியின் கீழுள்ள வினாக்களுக்கு விடைகள் எழுதப்படும். பாடவேளையின் பெரும்பகுதி குரலுக்கே செலவாகின்றது. ஒரு பிள்ளை எழுத்தோடு தனித்திருந்து, இது என்ன சொல்கின்றது என்று எண்ணிப்பார்க்கும் ஐந்து நிமிடமேனும் அவ்வொழுங்கில் இல்லை. ஆசிரியரைக் குறைகூறுவதற்காக இதனைக் கூறவில்லை. தாமும் அவ்வாறே கற்று, பல தரங்களைத் தனியொருவராகக் கவனிக்கும் ஆசிரியருக்கு நாற்பது பிள்ளைகளை ஒருசேர ஈடுபடுத்தக் கூட்டுக்குரலே எளிய வழியாகின்றது. ஆயினும், ஒருவர் சொல்லப் பலர் அதையே சொல்வது வாசிப்பு ஆகாது. சற்றுக் கடுமையாகச் சொல்வதாயின், அது பெரட்டின் ஒழுங்கு வகுப்பறைக்குள் வந்த வடிவமே எனலாம்.

‘கிரகித்தல்’ எனப்படும் வினாப்பயிற்சி இக்குறையை நிவர்த்தி செய்கின்றது என்று கருதுவோர் உளர். அக்கருத்தை ஓர் எளிய உதாரணத்தாற் பரிசோதிக்கலாம். ‘கிம்பன் தொண்டிலே மசினான்’ என்றொரு வாக்கியத்தைக் கற்பனை செய்துகொள்வோம். இவ்வாக்கியத்துக்குப் பொருளில்லை. ‘கிம்பன் எங்கே மசினான்?’ என்று வினவினால், ‘கிம்பன் தொண்டிலே மசினான்’ என்று எவரும் பிழையின்றி எழுதிவிடலாம், முழுப்புள்ளியும் கிடைக்கும். யார், எங்கே, எப்போது என்ற வகையில் அமையும் வினாக்களிற் பல இத்தகையனவே. வினாவிலுள்ள சொல்லைப் பகுதியிலே தேடி, அச்சொல் நிற்கும் வரியைப் பெயர்த்தெழுதும் உத்தியை மாணவர் விரைவிலே கற்றுக்கொள்கின்றனர். அவர்கள் கற்றது ஆங்கிலமன்று. பரீட்சையை ஏய்க்கும் வழியே. பகுதியிலே ஒரே வரியாக எங்கும் எழுதப்படாத, ஆயினும் முழுவதையும் விளங்கியவன் மாத்திரமே கூறத்தக்க விடையை வேண்டும் வினாவே வாசிப்பைச் சோதிப்பதாகும்.

இவ்விடத்தில் மொழியமைப்புச் சார்ந்த ஒரு விடயத்தையும் குறிப்பிடல் வேண்டும். ‘கொழுந்து பறித்த பெண்’ என்று தமிழ் கூறும். ஆங்கிலமோ பெண்ணை முன்னே நிறுத்திக் கொழுந்து பறித்தமையைப் பின்னே தொடுக்கும். தமிழிலே பெயரடை பெயருக்கு முன் வரும். வினை இறுதியில் வந்து வாக்கியத்தை முடிக்கும். தமிழ் வாசகன் இறுதிவரை காத்திருந்து பொருள்கொள்ளப் பழகியவன். ஆங்கில வாக்கியத்திலோ வினை நடுவே நிற்க, அதன்பின் தொடர்கள் நீள்கின்றன. சொல் ஒவ்வொன்றுக்கும் பொருள் தெரிந்த மாணவரும் நெடுவாக்கியத்திலே தடுமாறுவதற்கு இது ஒரு காரணமாகும். அருஞ்சொற் பட்டியல் இதற்குப் பரிகாரமாகாது. வாக்கியம் எங்கே உடைகின்றது, எது எதனைத் தழுவி நிற்கின்றது என்பதைத் தமிழோடு ஒப்பிட்டுக் காட்டுவதே பயனளிக்கும். தாய்மொழியை ஆங்கில வகுப்பிலிருந்து முற்றாக விலக்கவேண்டும் என்னும் கோட்பாடு, தாய்மொழி வழியாகவே சிந்திக்கும் பிள்ளையின் கையிலுள்ள ஒரே கருவியைப் பறிப்பதற்கு ஒப்பாகும்.

வாசிப்பை இத்துணை அழுத்திக் கூறுவதற்குக் காரணம் கற்பித்தல் முறையில் மட்டும் தங்கியிருக்கவில்லை. மலையக மக்களின் வரலாறு, பிறர் எழுதிய தாள்களால் ஆளப்பட்ட மக்களின் வரலாறு ஆகும். கடன் கணக்கைக் காட்டித் தொழிலாளியைக் கட்டிவைத்த துண்டு முறை 1921இல் ஒழிக்கப்பட்டது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கியது. 1949ஆம் ஆண்டின் இந்திய, பாக்கிஸ்தானிய வதிவாளர் சட்டத்தின்கீழ்க் குடியுரிமை கோரியோர், ஆட்சிமொழி ஆங்கிலமாகவே இருந்த அக்காலத்தில், தொடர்ச்சியான வதிவிடத்தை ஆவணங்கொண்டு நிறுவ வேண்டியிருந்தது. ஏறத்தாழ 8 இலட்சம் பேர் சார்பாக விண்ணப்பிக்கப்பட்டது; ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேரே ஏற்றுக்கொள்ளப்பட்டனர். இதற்கு எழுத்தறிவின்மை காரணமென்று கூறின் அது வரலாற்றைத் திரிப்பதாகும், காரணம் அரசியலே. எனினும், தன் தலைவிதியை எழுதிய தாளைத் தானே வாசிக்க இயலாது கைந்நாட்டு வைத்த பாட்டனின் பேரப்பிள்ளைக்கு, மருந்துச் சீட்டும் தொழில் ஒப்பந்தமும் வெளிநாட்டு வேலைப் பத்திரமும் இன்றும் ஆங்கிலத்தில் நீட்டப்படுகின்றன. அப்பிள்ளைக்கு வேண்டியது அழகிய உச்சரிப்பு மாத்திரமன்று. தாளை நிறுத்தி வாசித்து, ‘இதன் பொருள் என்ன?’ என்று கேட்கும் ஆற்றலாகும்.

வங்காளத்திலே டாக்கா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் தலைவராகவிருந்த மைக்கேல் வெஸ்ற், 1926இல் வெளியான இருமொழிமை பற்றிய தமது நூலிலே இத்தொடர்பில் ஆழமான வினாவொன்றை எழுப்பினார். காப்புறுதிக்குப் பணங்கட்டி இடைநடுவே நிறுத்தியவருக்கும் ஒரு தொகை திரும்பக் கிடைக்கின்றது. அவ்வாறே, இடையிலே பாடசாலையை விட்டு விலகும் பிள்ளைக்குத் தான் கற்ற ஆங்கிலத்திலிருந்து எஞ்சுவது யாது என்பதே அவ்வினா. வாசிப்பாற்றலே எஞ்சும் என்பது அவர் விடை. குடியேற்ற ஆட்சியின் அலுவலராகிய அவர், பேச்சையும் எழுத்தையும் பின்தள்ளியமை அவர் நோக்கின் எல்லையாகும். சுதேசி வாசித்துக் கேட்டுக்கொண்டிருக்கவேண்டுமேயன்றி எதிர்த்து எழுதவேண்டியதில்லை என்ற பொருள் அதிலே தொனிக்கின்றது. எனினும், க.பொ.த. சாதாரண தரத்துக்கு முன்பே பலர் விலகிவிடும் தோட்டச் சூழலிலே அவர் வினா இன்னும் வலுவிழக்கவில்லை. ஒப்புவித்த பாடம் பாடசாலையை விட்டு நீங்கியதும் மறைந்துவிடும். வாசிக்கப் பழகிய பழக்கமே எஞ்சும்.

இது மலையகத்துக்கு மாத்திரம் உரிய பிரச்சினையன்று. சீனாவின் ஆங்கிலக் கற்பித்தல் மரபிலே நுணுகி வாசித்தல், பரந்து வாசித்தல் என இருவகை வேறுபடுத்தப்படுகின்றது. முன்னது சிறு பகுதியைச் சொற்சொல்லாக ஆய்வது. பின்னது பொருளை நாடி நிறைய வாசிப்பது. பரீட்சையின் நெருக்குதல் முன்னதையே வளர்க்கின்றது என்னும் குறை அங்கும் உண்டு. ஆயினும், 1990களில் அந்நாட்டு இடைநிலை வகுப்புகளில் வழங்கிய ஆங்கிலப் பாடநூலின் லி லெய், ஹான் மெய்மெய் என்னும் பாத்திரங்கள் ஒரு தலைமுறையின் பொது நினைவாகிவிட்டமை கவனிக்கத்தக்கது. தம்மைப் போன்ற பெயருடையோரை அம்மாணவர் அந்நிய மொழியிலே சந்தித்தனர். எமக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் பீஜித் தீவு. எம்மவரைப் போலவே தோட்டத் தொழிலுக்கெனக் கொண்டுசெல்லப்பட்ட இந்தியரின் வழித்தோன்றல்கள் வாழும் அந்நாட்டிலே, 1980ஆம் ஆண்டளவில், எலி, மங்குபாய் என்னும் ஆய்வாளர்கள் கிராமப் பாடசாலைகளுக்கு ஆங்கிலக் கதைநூல்களைப் பெருமளவில் வழங்கிப் பார்த்தனர். வழமையான பாடமுறையிற் கற்றோரைவிடக் கதைநூல்களை வாசித்தோர் விரைந்து முன்னேறினர்.

எங்கள் பிள்ளைகள் எதனை வாசிப்பது? மலையக மண்ணிலிருந்தே ஆங்கிலத்தில் எழுதிய ஒருவர் எமக்கு உண்டு. 1914இல் மடக்கும்புரத் தோட்டத்திலே பிறந்து, 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்று, 1984இல் மறைந்த சி. வி. வேலுப்பிள்ளையே அவர். 1970இல் வெளியான அவரது ‘போர்ன் டு லேபர்’ தோட்டத்து மாந்தரையும் அவர்தம் வாழ்வையும் ஆங்கில உரைநடையிலே சித்திரித்தது. அவர் கங்காணிக் குடும்பப் பின்னணியில் வந்தவர். ஆங்கிலம் அவருக்கு எட்டியதற்கும் கொழுந்தெடுப்பவர் பிள்ளைக்கு எட்டாமைக்கும் அவ்வேறுபாடே காரணம் என்பதை ஒளிக்கவேண்டியதில்லை. ஆயினும், கட்டளையிடும் மொழியைச் சாட்சி கூறும் மொழியாக அவர் மாற்றினார். அவருடைய சித்திரங்களை ஏழாம், எட்டாந் தரத்தினருக்கு ஏற்ப எளிமைப்படுத்தி வாசிப்புப் பகுதிகளாக்குவது, ஆசிரிய கலாசாலைகளும் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களும் ஒன்றிணைந்து செய்யத்தக்க பணியாகும்.

முற்போக்காளர் சிலர் இதனை ஐயுறலாம். ஆங்கிலத்துக்கு இத்துணை முதன்மை அளிப்பது பழைய அடிமைத்தனத்தைப் புதுப்பிப்பதாகாதா என அவர்கள் வினவக்கூடும். தமிழ் வாசிப்பு வலுப்பெறாத பிள்ளைக்கு ஆங்கில வாசிப்பு வாய்க்காது என்பதையும், சிங்களம் கற்பது நாட்டில் வாழ்வதற்கு இன்றியமையாதது என்பதையும் நாம் மறுக்கவில்லை. ஆனால், வசதி படைத்தோர் தம் பிள்ளைகளைச் சர்வதேசப் பாடசாலைகளுக்கு அனுப்பிக்கொண்டே தோட்டத்துப் பிள்ளைக்கு மட்டும் மொழித் தூய்மையைப் போதிப்பது 1907இன் பிளவை நீடிப்பதன்றி வேறன்று. ஆங்கிலத்தை வணங்குவதும் வெறுப்பதும் அதனைத் துரையின் உடைமையாகவே ஏற்றுக்கொள்வனவாகும்.

ஆகவே, பெருஞ்செலவில்லாத சில மாற்றங்களிலிருந்து தொடங்கலாம். பாடவேளையிலே கால்மணி நேரமாவது மௌன வாசிப்புக்கு ஒதுக்கப்படல் வேண்டும். வாசித்ததன் சாரத்தை முதலில் தமிழிலே கூற மாணவர் அனுமதிக்கப்படல் வேண்டும். வரியைப் பெயர்த்தெழுத இயலாத ஒரு வினாவேனும் ஒவ்வொரு பகுதிக்கும் ஆசிரியராற் சேர்க்கப்படல் வேண்டும். பகுதியை நோக்கி மாணவரே வினாவெழுப்பும் பழக்கம் வளர்க்கப்படல் வேண்டும். வகுப்புக்கொரு பெட்டி எளிய கதைநூல்கள் இருத்தல் வேண்டும். இவற்றாற் சம்பளமோ காணியோ வீடோ கிடைத்துவிடப் போவதில்லை. அவை வேறு போராட்டங்களால் வெல்லப்படவேண்டியவை. ஆனால், அப்போராட்டங்களின் இறுதியிலும் ஒரு தாள் எழுதப்படும். ராகலையின் பிள்ளை அதனை வரிவரியாக விளங்கி வாசித்த பின்னரே கையொப்பமிடும் நிலை தோன்றவேண்டும். இடைநிலை வகுப்பின் ஆங்கில வாசிப்புப் பயிற்சி அந்நிலையை இலக்காகக் கொண்டே திருத்தியமைக்கப்படல் வேண்டும்.